மையமில்லா உரையாடல் களங்கள்: வளர்வதும் வளர்ப்பதும்

இணையத்தில் பலர் கூடிப் பேசும் இடங்களில் பெரும்பாலானவை ஏதாவதொரு நிறுவனத்துக்குச் சொந்தமானவை. பதிவுகள் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. எது மேலே வர வேண்டும், எது நீக்கப்பட வேண்டும், யார் பேசலாம் என்பதையெல்லாம் அந்த நிறுவனமே முடிவு செய்கிறது. இதற்கு மாறான அமைப்பும் உண்டு. தனி ஆட்களும் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தத்தம் செலவில் தனித்தனி சர்வர்களை நடத்துகிறார்கள். அந்தச் சர்வர்கள் ஒரு பொது நெறிமுறைப்படி ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் நடக்கும் விவாதத்தைப் படிக்கலாம், பதில் எழுதலாம், வாக்களிக்கலாம். மொத்தத்துக்கும் உரிமையாளர் என்று யாரும் கிடையாது. மின்னஞ்சல் இன்றும் இப்படித்தான் இயங்குகிறது. ஜிமெயில் வைத்திருப்பவர் யாஹூ முகவரிக்கு எழுத எவருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை.

உரிமையாளர் இல்லாததால் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களும் இல்லை. புதியவர்களை இழுக்க விளம்பரப் பணம் இல்லை, சண்டையைத் தீர்க்க அலுவலகம் இல்லை, சர்வர் வாடகையைக் கட்ட முதலீட்டாளர் இல்லை. ஒரு நிறுவனத் தளத்தில் உறுப்பினர் வெறும் வாசகராக இருந்தாலும் தளம் ஓடும். மையமில்லாக் களத்தில் அப்படி ஓடாது. உறுப்பினர்கள் கொடுக்கும் எழுத்து, நேரம், கவனிப்பு, பணம் ஆகிய நான்குமே அதன் மூலதனம். அதனால் இத்தகைய களங்களில் பங்களிப்பது எப்படி, அவற்றை வளர்ப்பது எப்படி என்ற கேள்விகள் அவற்றின் உயிரோடு சம்பந்தப்பட்டவை.

யூஸ்நெட் காட்டிய வழி

இந்த அமைப்பு புதிதல்ல. 1979-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யூஸ்நெட்டுக்குத் திட்டமிட்டார்கள். பக்கத்தில் இருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் அதன் முதல் நிரலை எழுதினார். 1980-இல் அது பொதுவில் அறிவிக்கப்பட்டது. ஒரு கணினி தொலைபேசிக் கம்பி வழியாக மற்றொன்றை அழைக்கும்; தன்னிடம் சேர்ந்த புதிய பதிவுகளைக் கொடுக்கும்; அங்கிருப்பதை வாங்கிக்கொள்ளும். அந்தக் கணினி அடுத்ததை அழைக்கும். மையக் கணினி என்று ஒன்று இல்லாமலேயே ஒரு பதிவு நாளடைவில் உலகத்தைச் சுற்றி வந்துவிடும்.

பதிவுகள் பொருள்வாரியாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் என்று பெரும் பிரிவுகளும் அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான குழுக்களும் இருந்தன. தமிழர்கள் கூடிப் பேசிய 'சோக்.கல்ச்சர்.தமிழ்' அவற்றுள் ஒன்று. 1991 ஆகஸ்ட் 6 அன்று டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைத் திட்டத்தைப் பற்றி ஒரு யூஸ்நெட் குழுவில் எழுதினார். அதே மாதம் 25-ஆம் தேதி லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னாளில் லினக்ஸ் என்று பெயர் பெற்ற தம் முயற்சியை இன்னொரு குழுவில் அறிவித்தார்.

புதுக் குழுவைத் தொடங்குவதற்கு யூஸ்நெட்டின் முதன்மைப் பிரிவுகளில் கறாரான நடைமுறை இருந்தது. முதலில் முன்மொழிவு, அடுத்து விவாதம், கடைசியில் வாக்கெடுப்பு. வேண்டும் என்ற வாக்குகள் வேண்டாம் என்பவற்றைவிட 100 கூடுதலாகவும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருந்தால்தான் குழு பிறக்கும். பேச ஆட்கள் இருக்கிறார்கள் என்று உறுதியான பிறகே இடம் ஒதுக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். இந்த நடைமுறை பிடிக்காதவர்களுக்கு 1987-இல் உருவான 'ஆல்ட்' பிரிவு இருந்தது. அங்கே வாக்கெடுப்பு இல்லை. தேவையை நிரூபித்துவிட்டுத் தொடங்குவதா, தொடங்கிவிட்டுப் பார்ப்பதா என்ற அந்தப் பழைய விவாதம் இன்றைய களங்களிலும் அப்படியே தொடர்கிறது.

யூஸ்நெட் தளர்ந்த கதையும் கவனிக்கத்தக்கது. ஆண்டுதோறும் செப்டம்பரில் பல்கலைக்கழகங்களில் சேரும் புது மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் நுழைவார்கள். நடைமுறை தெரியாமல் தடுமாறுவார்கள். பழைய உறுப்பினர்கள் சில வாரங்களில் அவர்களைப் பழக்கிவிடுவார்கள். 1993-94-இல் அமெரிக்கா ஆன்லைன் போன்ற வணிக இணைப்பு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டபோது வரவு நிற்கவே இல்லை. பழக்குபவர்களைவிட வருபவர்கள் பல மடங்கு ஆனார்கள். 'முடியாத செப்டம்பர்' என்ற பெயர் அந்தக் காலத்துக்கு நிலைத்துவிட்டது. 1994 ஏப்ரலில் இரண்டு வழக்கறிஞர்கள் அமெரிக்கக் குடியேற்ற அட்டைக் குலுக்கலுக்கான விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே வீச்சில் கொட்டினார்கள். அதைத் தடுக்கும் அதிகாரம் கொண்ட மையம் எதுவும் இல்லை. குப்பை பெருகப் பெருகப் பேச வந்தவர்கள் விலகினார்கள். கூகுள் குரூப்ஸ் வழியாக யூஸ்நெட்டில் எழுதும் வசதியும் 2024 பிப்ரவரியில் நின்றது.

மறுபடியும் பரவல்

2000-க்குப் பிறகு உரையாடல் நிறுவனத் தளங்களுக்கு இடம்பெயர்ந்தது. 2005-இல் தொடங்கிய ரெடிட் அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. ஒரு கணக்கு திறந்தால் எல்லாக் குழுக்களும் கைக்கெட்டின, தேடல் எளிதாக இருந்தது, செலவு இல்லை. இந்த வசதிகள் உண்மையானவை. அவற்றைக் குறைத்து மதிப்பிட்டால் மையமில்லாக் களங்களின் சிரமம் புரியாது.

மாற்று முயற்சிகளும் தொடர்ந்து நடந்தன. 2008-இல் இவான் ப்ரோட்ரோமூ ஐடென்டிகா என்ற தளத்தைத் தொடங்கினார். 2010-இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் டயஸ்போரா திட்டத்துக்குப் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டு 2,00,000 டாலர் பெற்றார்கள். 2016-இல் ஜெர்மனியின் ஆய்கன் ரோச்கோ மாஸ்டடான் என்ற மென்பொருளை வெளியிட்டார். 2018 ஜனவரி 23 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையைத் தன் பரிந்துரையாக ஏற்றது. அதன்பின் அந்த நெறிமுறையைப் பின்பற்றும் எந்த மென்பொருளும் மற்றவற்றோடு பேச முடியும் என்றாயிற்று. இப்படி இணைந்த சர்வர்களின் மொத்தத் தொகுதிக்கு ஃபெடிவர்ஸ் என்று பெயர். 2019-இல் வெளிவந்த லெம்மி, குழுவாரியான விவாதத்துக்கென்றே எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்.

மக்கள் இந்தப் பக்கம் அலை அலையாக வந்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் பின்னால் ஏதாவதொரு நிறுவனத்தின் முடிவு இருந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி இந்தியர்கள் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். 2022 அக்டோபர் 27 அன்று ட்விட்டர் எலான் மஸ்க் வசமானது. மூன்று லட்சம் அளவில் இருந்த மாஸ்டடானின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை அடுத்த மாதமே ஏறத்தாழ 25 லட்சத்தைத் தொட்டது.

லெம்மிக்கான அலை 2023-இல் வந்தது. தன் தரவை வெளிச் செயலிகள் பயன்படுத்தக் கட்டணம் வசூலிக்கப்போவதாக ரெடிட் அந்த ஏப்ரலில் அறிவித்தது. புகழ்பெற்ற அப்பல்லோ செயலியை உருவாக்கியவர், தமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டினார். ஜூன் 12 அன்று 7,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கதவை மூடின. நிறுவனம் பின்வாங்கவில்லை, மூடியே வைத்திருக்கும் மட்டுறுத்துநர்களை (குழுவை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்களை) மாற்ற நேரும் என்று எச்சரித்தது. ஜூன் 30 அன்று அப்பல்லோ நின்றது. அந்தச் சில வாரங்களில் லெம்மி சர்வர்களின் எண்ணிக்கையும் உறுப்பினர் எண்ணிக்கையும் பல மடங்காகின. வந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போனாலும் பல்லாயிரம் பேர் தங்கிவிட்டார்கள். ரெடிட்டின் தினசரிப் பயனர்கள் அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் சராசரியாக 7.3 கோடி. அளவில் ஒப்பீடே இல்லை. ஆனால் ஒரு குழு கலகலப்பாக இருக்கக் கோடிக்கணக்கானவர்கள் தேவையில்லை. தொடர்ந்து எழுதும் சில டஜன் பேர் போதும் என்பதை லெம்மியின் நல்ல குழுக்கள் காட்டின.

ஒரு பதில் பயணிக்கும் வழி

பங்களிப்பின் நுணுக்கங்கள் விளங்க, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். லெம்மியில் 'அ' என்ற சர்வரில் தோட்டக்கலைக் குழு ஒன்று இருப்பதாகவும், 'ஆ' என்ற சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அதில் சேர விரும்புவதாகவும் கொள்வோம்.

அவர் குழுவின் முழு முகவரியைத் தம் சர்வரின் தேடல் பெட்டியில் இடுகிறார். 'ஆ' சர்வர், 'அ' சர்வரிடம் கேட்டு அந்தக் குழுவின் விவரத்தை வாங்குகிறது. அவர் 'சேர்' என்று அழுத்தியதும் 'பின்தொடர்கிறேன்' என்ற செய்தி 'அ'வுக்குப் போகிறது. 'ஏற்றேன்' என்ற பதில் வருகிறது. அன்றிலிருந்து அந்தக் குழுவில் நடப்பவை எல்லாம் 'ஆ'வுக்கு வந்து சேரும். ரோஜாச் செடியின் இலை சுருண்டுபோவதைப் பற்றிய கேள்விக்கு அவர் பதில் எழுதுகிறார். அது முதலில் அவருடைய 'ஆ' சர்வரில் பதிவாகிறது. பிறகு டிஜிட்டல் கையொப்பத்துடன் 'அ'வுக்குச் செல்கிறது. 'அ' கையொப்பத்தைச் சரிபார்த்து, அந்தக் குழுவுக்கு உறுப்பினர்கள் உள்ள எல்லாச் சர்வர்களுக்கும் அதை அறிவிக்கிறது. ஒவ்வொரு சர்வரும் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது. கேள்வி கேட்டவர் இன்னொரு கண்டத்தில் 'இ' சர்வரில் இருந்தாலும் நொடிகளில் அவருக்குப் பதில் தெரிந்துவிடும்.

நான்கு உண்மைகள் இதிலிருந்து பிறக்கின்றன.

முதலாவது, ஒரு சர்வரில் எவரும் சேராத குழுவின் புதிய பதிவுகள் அந்தச் சர்வருக்கு வந்து சேர்வதில்லை. முதலில் சேர்பவர்தான் அந்தச் சர்வரின் மற்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் கதவைத் திறந்துவிடுகிறார். ஒரு சொல் எழுதாமல் வெறுமனே சேர்வதுகூட இங்கே ஒரு பங்களிப்பு.

இரண்டாவது, குழுவுக்கு ஒரு தாய் சர்வர் உண்டு. அது நின்றுபோனால் பழைய பதிவுகளின் பிரதிகள் மற்ற சர்வர்களில் இருக்கும். ஆனால் புதியவை பரவ வழியிருக்காது. களம் மையமில்லாதது என்றாலும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மையம் இருக்கிறது.

மூன்றாவது, அழிப்பது உறுதியில்லை. எழுதியவர் பதிவை நீக்கினால் 'நீக்கவும்' என்ற வேண்டுகோள் எல்லாச் சர்வர்களுக்கும் போகும். பழுதான சர்வரோ விதியை மதிக்காத சர்வரோ அதைச் செயல்படுத்தாமல் இருக்கலாம். வாக்குகளும் இட்டவரின் முகவரியோடுதான் பயணிக்கின்றன. சர்வர் நிர்வாகிகளால் அவற்றைப் பார்க்க முடியும். அந்தரங்கமாக இருக்க வேண்டியதை இங்கே எழுதக் கூடாது.

நான்காவது, மென்பொருள் வேறாக இருந்தாலும் பேசலாம். மாஸ்டடானில் இருப்பவர் ஒரு லெம்மிக் குழுவின் முகவரியைக் குறிப்பிட்டு எழுதினால் அது அந்தக் குழுவில் பதிவாகிவிடும். பைதான் மொழியில் எழுதப்பட்ட பைஃபெட், கருத்துக்களங்களுக்கான நோட்பிபி போன்ற மென்பொருள்களும் இதே வலையில் இணைந்துள்ளன.

உறுப்பினர் கொடுக்கக்கூடியவை

இணையச் சமூகங்களில் பங்கேற்பு சமமாக இருப்பதில்லை. 2006-இல் பயன்பாட்டியல் வல்லுநர் யாக்கோப் நீல்சன் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: 100 பேரில் 90 பேர் வாசிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார். கோடிக்கணக்கானவர்கள் உள்ள தளத்தில் அந்த ஒரு சதவீதமே லட்சக்கணக்கில் வரும். 300 பேர் உள்ள குழுவில் அது மூன்று பேர். அவர்களில் ஒருவர் தேர்வுக்குப் படிக்கப் போனாலே குழு அமைதியாகிவிடும். அதனால் சிறிய களத்தில் ஒவ்வொரு புதிய பங்களிப்பாளரும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறார்.

பின்னூட்டமே பங்களிப்புகளில் முதன்மையானது. புதிதாக ஒருவர் எழுதிய பதிவுக்குப் பதிலே வராவிட்டால் அவர் அடுத்த முறை எழுத யோசிப்பார். 'நன்றி' என்பதைத் தாண்டி ஒரு கேள்வி, ஒரு கூடுதல் தகவல், ஒரு மாற்றுக் கருத்து இருந்தால் உரையாடல் நகரும். வாக்கும் பயனுள்ளதே. வாக்கு விழுந்த பதிவுதான் மேலே ஏறிப் பிறர் கண்ணில் படும். பெரிய குழுக்களின் பதிவுகள் சிறிய குழுக்களை அமுக்கிவிடாமல் இருக்க, லெம்மி 2023 டிசம்பரில் வெளியிட்ட பதிப்பில் குழுவின் அளவைக் கணக்கில் எடுக்கும் வரிசை முறையைச் சேர்த்தது. அதைத் தேர்ந்தெடுத்து வாசிப்பவர்களின் திரையில் சிறு குழுக்கள் தலைகாட்டும்.

பதிவு எழுதும்போது தலைப்பு பொருளைச் சொல்ல வேண்டும். சுட்டியை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாமல், அதில் என்ன இருக்கிறது, ஏன் முக்கியம் என்று இரண்டு மூன்று வரிகள் எழுதினால் பேச்சுக்குப் பிடி கிடைக்கும். படத்துக்கு விளக்கம் சேர்த்தால் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும். ஃபெடிவர்ஸில் இது நன்கு வேரூன்றிய பழக்கம். மொழிக் குறியீடும் கவனிக்க வேண்டியது. லெம்மியில் ஒவ்வொரு பதிவுக்கும் மொழியைக் குறிக்கலாம். வாசகர் தமக்கு வேண்டிய மொழிகளைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலம் என்று குறித்தால், தமிழை மட்டும் தேர்ந்தவருக்கு அது தெரியாமலே போகும்.

எழுத்துக்கு வெளியேயும் வேலைகள் உண்டு. மாஸ்டடான், லெம்மி ஆகியவற்றின் இடைமுகங்களைத் தன்னார்வலர்கள்தான் பல மொழிகளில் பெயர்க்கிறார்கள். பிழையைக் கண்டால் அது எந்தச் சூழலில் வருகிறது என்று தெளிவாக எழுதித் தெரிவிப்பது, புதியவர்களுக்கு வழிகாட்டிக் குறிப்புகள் எழுதுவது, விதி மீறிய பதிவை மட்டுறுத்துநருக்குச் சுட்டிக்காட்டுவது ஆகியவை நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யக்கூடியவை. முடிந்தவர்கள் தங்கள் சர்வருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கலாம். விளம்பரம் இல்லாத களத்துக்கு அதுவே வருமானம்.

புதுக் குழுவை வளர்த்தல்

புதிய குழுவைத் தொடங்குவதற்கு முன்னால் அதே பொருளில் ஏற்கெனவே குழு இருக்கிறதா என்று தேட வேண்டும். மையமில்லா அமைப்பில் ஒரே பெயரில் பத்துச் சர்வர்களில் பத்துக் குழுக்கள் இருக்கலாம். 2023 அலையில் அப்படித்தான் நடந்தது. ஆர்வத்தில் ஆளாளுக்குத் தொடங்கினார்கள், பேசுபவர்கள் சிதறினார்கள், பல குழுக்கள் முதல் பதிவோடு நின்றன. இருக்கும் குழுவில் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலான நேரங்களில் நல்ல வழி. அந்தக் குழுவின் விதிகளோ அது இருக்கும் சர்வரோ ஏற்புடையதாக இல்லாதபோது வேறு இடத்தில் தொடங்கும் உரிமையும் நியாயமானது. அந்த உரிமைக்காகவே இந்த அமைப்பு உருவானது.

சர்வரைத் தேர்வதில் நிதானம் வேண்டும். அது எவ்வளவு காலமாக நடக்கிறது, எத்தனை நிர்வாகிகள் இருக்கிறார்கள், செலவுக்கணக்கை வெளியிடுகிறார்களா, எந்தெந்தச் சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மிகப் பெரிய சர்வரில் தொடங்கினால் ஆட்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். ஆனால் எல்லோரும் அங்கேயே குவிந்தால் அது இன்னொரு மையமாகிவிடும். ஒரே துறை சார்ந்த சர்வர் ஒன்று அமைந்தால் அதுவே சிறந்த இடம்.

பொருளின் எல்லையும் அளவாக இருக்க வேண்டும். 'சென்னை மழைக்காலப் பறவைகள்' என்று தொடங்கினால் எழுத நான்கு பேர் கிடைப்பது கடினம். 'பறவைகள்' என்று தொடங்கி, பேச்சு பெருகிய பிறகு பிரித்துக்கொள்ளலாம். தொடங்கியவர் முதல் சில வாரங்களுக்குத் தாமே தொடர்ந்து எழுத வேண்டியிருக்கும். வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் எவரும் முதலாவதாகப் பேச விரும்புவதில்லை. வாரம் ஒரு நாள் 'இந்த வாரம் என்ன படித்தீர்கள்' என்பது போன்ற நிலையான இழை ஒன்று இருந்தால், தனிப் பதிவு எழுதத் தயங்குபவர்களும் அதில் ஒரு வரி எழுதுவார்கள்.

தானியங்கி நிரல்கள் மூலம் பதிவுகளைக் கொட்டி நிரப்புவது குறுக்குவழியாகத் தோன்றும். ரெடிட் பதிவுகளை அப்படியே நகலெடுக்கும் முயற்சிகள் 2023-இல் நடந்தன. பதிவுகள் குவிந்தன, பின்னூட்டங்கள் வரவில்லை. கேள்வி கேட்டவர் அங்கே இல்லாதபோது யாருக்குப் பதில் சொல்வது? பலர் அந்த நிரல்களைத் தடுத்துவிட்டார்கள்.

அறிமுகத்துக்கும் வழிகள் உண்டு. புதுக் குழுக்களை அறிவிப்பதற்கென்றே லெம்மியில் ஒரு குழு இருக்கிறது. புதுக் குழு பல சர்வர்களுக்கும் தெரியும்படி முதல் இணைப்பை ஏற்படுத்தித் தரும் தன்னார்வக் கருவிகளும் உள்ளன. தொடர்புள்ள குழுக்களின் விவாதங்களில் பொருத்தமான இடத்தில் முகவரியைக் குறிப்பிடலாம். எல்லா இடத்திலும் ஒட்டினால் அதுவே குப்பையாகிவிடும்.

ஒழுங்கும் பிரிவும்

மையமில்லாக் களத்தில் ஒழுங்கு மூன்று படிகளில் காக்கப்படுகிறது. தமக்குப் பிடிக்காத ஆளையோ குழுவையோ சர்வரையோ உறுப்பினர் தமக்கு மட்டும் தடுத்துக்கொள்ளலாம். குழுவின் மட்டுறுத்துநர் பதிவை நீக்கலாம், ஆளை வெளியேற்றலாம். சர்வர் நிர்வாகி இன்னொரு சர்வருடனான தொடர்பையே முழுவதுமாகத் துண்டிக்கலாம். இந்த மூன்றாவது படி வலிமையான கருவி. 2019-இல் வலதுசாரித் தீவிரப் பேச்சுக்குப் பெயர்பெற்ற கேப் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது அதைத் தடுக்க மாஸ்டடான் திட்டத்தால் முடியவில்லை. கட்டற்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம். ஆனால் பெரும்பாலான சர்வர்கள் தொடர்பைத் துண்டித்தன. கேப் தனியே நின்றது.

நல்லெண்ணத்துடன் நடக்கும் சர்வர்களுக்கு இடையிலும் பிரிவு வரலாம். 2023 ஜூனில் பீஹா என்ற லெம்மி சர்வர், அப்போதுதான் வேகமாக வளர்ந்துவந்த லெம்மி.வேர்ல்ட் உள்ளிட்ட இரண்டு பெரிய சர்வர்களுடனான தொடர்பை நிறுத்தியது. பீஹாவில் சேர விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பெரிய சர்வர்களில் அப்போது யாரும் உடனே சேர முடிந்தது. வெளியிலிருந்து பெருகி வந்த தொல்லைகளைச் சமாளிக்கத் தங்களிடம் ஆளும் இல்லை, மென்பொருளில் போதிய கருவியும் இல்லை என்று பீஹா விளக்கியது. இரு பக்கமும் பேசிக்கொண்டிருந்த சாதாரண உறுப்பினர்கள் ஒரே இரவில் பிரிக்கப்பட்டார்கள். துண்டிப்பு தேவையான ஆயுதம். அதன் விலையைத் தவறு செய்யாதவர்களும் கொடுக்கிறார்கள். அதனால் முன்னறிவிப்பு, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுதல், மறுபரிசீலனைக்கு வழி ஆகிய மூன்றும் வேண்டும்.

குழு விதிகள் சுருக்கமாகவும், எது கூடாது என்று உதாரணத்துடனும் இருந்தால் பின்பற்றுவது எளிது. ஒரே மட்டுறுத்துநர் உள்ள குழு அவர் உறங்கும்போது காவலற்றுக் கிடக்கும். வேறு வேறு நேர மண்டலங்களில், வேறு வேறு சர்வர்களில் இருக்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்வது உறுதியான ஏற்பாடு. 'முடியாத செப்டம்பர்' சொல்லித்தந்த பாடமும் இங்கே பொருந்தும். புதியவர்களைப் பழக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற வேகத்தில் வளரும் குழு தன் குணத்தை இழக்காது.

சர்வர் நிலைக்க

குழு எவ்வளவு நன்றாக நடந்தாலும் அதைத் தாங்கும் சர்வர் விழுந்தால் எல்லாம் விழும். சர்வர்கள் விழுவதற்குப் பல காரணங்கள் உண்டு. டொமைன் பெயர் ஒன்று. இலவசமாகக் கிடைத்த மாலி நாட்டு டொமைன்களைப் பலர் பயன்படுத்திவந்தார்கள். 2023 ஜூலையில் அந்த நாடு நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்தபோது லெம்மி சர்வர் ஒன்று தன் முகவரியையே இழந்தது. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தான் டொமைனில் இயங்கிய மாஸ்டடான் சர்வர் ஒன்றின் முகவரியைத் தாலிபான் அரசின் அமைச்சகம் முடக்கியது. ஃபெடிவர்ஸில் முகவரியே அடையாளம். அது போனால் உறுப்பினர்கள், குழுக்கள், தொடர்புகள் அனைத்தும் போகும்.

அடுத்த காரணம் களைப்பு. எஸ்டோனியா டொமைனில் இயங்கிய லெம்.ஈஈ, லெம்மியின் பெரிய சர்வர்களில் ஒன்று. 2025 ஜூன் மாத இறுதியில் அது மூடப்பட்டது. நிர்வாகிகள் சலித்துக் களைத்துவிட்டார்கள். பொறுப்பை ஏற்கப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. முன்கூட்டியே அறிவித்ததால் பல குழுக்கள் வேறு சர்வர்களுக்குக் குடிபெயர முடிந்தது. ஜெர்மன் மொழி பேசுபவர்களுக்கான ஃபெட்டிட்.டிஇ என்ற சர்வர் 2024-இல் நின்றபோது உறுப்பினர்கள் ஃபெட்டிட்.ஆர்க் என்ற புதிய சர்வரில் கூடினார்கள். அதை நடத்துவது ஆஸ்திரியாவில் பதிவு பெற்ற ஒரு சங்கம். ஆள் மாறினாலும் அமைப்பு தொடரும்.

மாஸ்டடான் திட்டம் தன் பட்டியலில் இடம்பெறும் சர்வர்களுக்குச் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. வெறுப்புப் பேச்சை முனைப்புடன் மட்டுறுத்த வேண்டும். நாள்தோறும் காப்புப் பிரதி எடுக்க வேண்டும். அவசரத்தில் சர்வரைக் கையாளக்கூடிய இன்னொருவராவது இருக்க வேண்டும். மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். எந்த மென்பொருளை நடத்துபவருக்கும் இவை நல்ல அளவுகோல். இந்தியாவில் சர்வர் நடத்துபவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பிறர் எழுதுவதைத் தாங்கும் தளங்கள் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் முன்னெச்சரிக்கை தேவை. லெம்மியில் சேர்ந்துள்ள குழுக்களின் பட்டியலையும் அமைப்புகளையும் கோப்பாகப் பதிவிறக்கி இன்னொரு கணக்கில் ஏற்றலாம். மாஸ்டடானில் பின்தொடர்பவர்களைப் புதிய கணக்குக்கு மாற்றலாம். இரண்டிலுமே பழைய பதிவுகள் கூட வராது. காத்துவைக்க வேண்டிய எழுத்தின் பிரதி எழுதியவரிடமும் இருப்பது நல்லது.

பொதுச்சொத்தாகப் பேணுதல்

அரசோ தனியாரோ கையில் எடுக்காமல், பயன்படுத்தும் மக்களே ஒரு பொதுவளத்தைத் தலைமுறைகளாகக் காக்க முடியுமா என்பதை அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் பல நாடுகளின் பாசன முறைகளிலும் மீன்பிடி இடங்களிலும் காடுகளிலும் ஆராய்ந்தார். 1990-இல் வெளியான அவருடைய நூல் அவற்றிலிருந்து பொது விதிகளைத் திரட்டித் தந்தது. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். நீடித்து நின்ற அமைப்புகளில் யார் உறுப்பினர் என்ற எல்லை தெளிவாக இருந்தது. விதிகள் உள்ளூர் நிலைமைக்குப் பொருந்தின. விதியை வகுப்பதில் உறுப்பினர்களுக்குப் பங்கு இருந்தது. தவறுக்குத் தண்டனை படிப்படியாகக் கூடியது. சச்சரவைக் குறைந்த செலவில் தீர்க்க இடம் இருந்தது. கண்மாய்க்குக் குடிமராமத்துச் செய்த ஊர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கரை உடையாமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் பாயும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும்.

மையமில்லா உரையாடல் களத்துக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்துகின்றன. உறுப்பினரை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்கும் வளர்ச்சி அதற்குப் பயன்படாது. ஆயிரம் பேர் சேர்ந்து ஒருவரும் எழுதாத குழு, சர்வருக்குச் சுமை. நூறு பேர் சேர்ந்து அவர்களில் பத்துப் பேர் எழுதவும், மூவர் மட்டுறுத்தவும், ஒருவர் கணக்குப் பார்க்கவும் முன்வந்தால் அந்தக் குழு பல ஆண்டு நிற்கும். வாசகரை எழுதுபவராகவும், எழுதுபவரைப் பொறுப்பேற்பவராகவும் படிப்படியாக மாற்றுவதே இங்கே வளர்ச்சி.

சிறிய மொழிகளுக்கும் தனித் துறைகளுக்கும் இந்த அமைப்பு கூடுதலாகப் பயன்படும். பெருநிறுவனத்தின் கணக்கில் லாபம் தராத மொழிக்குக் கவனிப்புக் குறைவு. அந்த மொழியறிந்த மட்டுறுத்துநர்கள் போதுமான அளவில் இருப்பதில்லை. தங்கள் சர்வரைத் தாங்களே நடத்தும் சமூகம், தன் மொழியில் விதி எழுதி, தன் மொழியறிந்தவர்களைக் காவலுக்கு வைத்து, உலகின் மற்ற சர்வர்களோடும் தொடர்பு அறாமல் பேசலாம். அதற்கான மென்பொருள் கட்டற்றதாகக் கிடைக்கிறது. நெறிமுறை பொதுவில் இருக்கிறது. தொடக்கச் செலவு சிறிய சங்கம் ஒன்றின் சக்திக்கு உட்பட்டது. நாள்தோறும் எழுதவும் கவனிக்கவும் பொறுப்பைப் பகிரவும் முன்வரும் மனிதர்களை அந்தச் சமூகம்தான் திரட்டிக்கொள்ள வேண்டும்.